மூன்றாம் ஆண்டில் கருகும் மிக்ஸி

அன்புள்ள ஐயா,

அம்மா 1994-ல் வாங்கிய மிக்ஸி ஊரில் இன்னும் இட்லிப்பொடி அரைக்கிறது. நான் வாங்கியதில் முதலில் ஜாரையும் மோட்டாரையும் இணைக்கும் கப்ளர் உடைந்தது. மூன்றாம் ஆண்டில் மோட்டாரே கருகிவிட்டது. “இதுக்குக் காயில் கட்ட முடியாதும்மா, மோட்டாரையே மாத்திடுங்க” என்கிறார் மெக்கானிக். அந்தக் காலத்து நேர்மை போய்விட்டதா? அடுத்து எந்தக் கம்பெனி மிக்ஸி வாங்கலாம்?

ஆர்., திருநெல்வேலி

அன்புள்ள ஆர்.,

நேர்மை பற்றிய கேள்வியை விட்டுவிடுவோம். அன்றும் மட்டமான சாமான் விற்றது. அவையெல்லாம் எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டதால் நம் கண்ணில் படுவதில்லை. கப்ளரையும் திட்டாதீர்கள். ஜார் இறுகிக்கொண்டால் தான் உடைந்து மோட்டாரைக் காப்பதுதான் அதன் வேலை.

உங்கள் மெக்கானிக் சொன்னதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. காயில் கட்ட, அதாவது மோட்டாரின் கம்பிச்சுருளைப் புதிதாகச் சுற்றத் தெரிந்தவரே கைவிரிக்கிறார் என்றால், உள்ளே இருப்பது அனேகமாக அலுமினியக் கம்பி.

அலுமினியம் மோசமான உலோகம் இல்லை. ஊர் ஊராகப் போகும் உயரழுத்தக் கம்பிகள் அதில்தான் ஓடுகின்றன. ஆனால் மின்சாரத்தைக் கடத்துவதில் அது செம்பில் 61 சதவீதம்தான். செம்புக் கம்பிக்குச் சமமாக வேண்டுமென்றால் விட்டம் 28 சதவீதம் கூட வேண்டும். வெட்டவெளியில் தொங்கும் கம்பிக்கு அது பிரச்சினையே இல்லை. மிக்ஸி மோட்டாரின் ஸ்டாம்பிங்கில், அதாவது இரும்புத் தகடுகளின் அடுக்கில், காயில் உட்காரும் இடமோ அளவெடுத்தது. அலுமினியம் போடுகிறவர் ஸ்டாம்பிங்கையும் பெரிதாக்க வேண்டும். பெரிதாக்கினால் இரும்புச் செலவு கூடும், பாடியின் அச்சையே மாற்ற வேண்டும். அதைச் செய்யாமல் அதே இடத்தில் அதே கேஜ் (தடிமன்) கம்பியைத் திணித்தால், அதே மின்னோட்டத்துக்கு, சுழலாமல் நிற்கும் ஃபீல்டு காயிலில் வெப்பம் ஏறத்தாழ 1.6 மடங்கு. கம்பியின் எனாமல் பூச்சுக்கு 10 டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதி என்பது மோட்டார்காரர்களின் பழைய கணக்கு.

இணைப்பு இன்னொரு தொல்லை. காற்றுப் பட்டவுடன் அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படியும். சாதாரண ஈயம் பற்றாது. கிரிம்ப் செய்தாலும், அதாவது நசுக்கி இணைத்தாலும், சூட்டில் செம்பைவிட அதிகமாக விரிந்து சுருங்குவதால் நாளடைவில் தளரும். தளர்ந்த இடம் சுடும், சுட்ட இடம் மேலும் தளரும்.

இதெல்லாம் அங்கே இருக்கும் இன்ஜினியருக்குத் தெரியாதா? தெரியும். கம்பியில் மிச்சம் பிடித்த காசு இந்தக் காலாண்டுக் கணக்கிலேயே லாபமாக ஏறிவிடுகிறது. மோட்டார் கருகுவது இரண்டு வருட வாரண்டி முடிந்த பிறகு. அந்தச் செலவு கம்பெனியின் எந்தப் பேரேட்டிலும் வராது, உங்கள் வீட்டுக் கணக்கில் வரும். ஐரோப்பிய ஒன்றியம் 2021 மார்ச் முதல், வாஷிங் மெஷின் மாடல் சந்தைக்கு வருவது நின்ற பிறகும் 10 ஆண்டு உதிரி பாகம் கொடுக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. மிக்ஸிக்கும் இங்கே அப்படி ஒன்று வேண்டும். மூன்றாம் ஆண்டுச் செலவு கம்பெனியின் கணக்கிலும் வந்தால் ஸ்டாம்பிங் தானாகப் பெரிதாகும்.

உங்களையும் கடிந்துகொள்ளத்தான் வேண்டும். கடையில் என்ன கேட்டீர்கள்? எத்தனை வாட்ஸ், எத்தனை ஜார், என்ன கலர். 750 வாட்ஸ் என்பது மோட்டார் இழுக்கும் மின்சாரம், அரைக்கும் வலு இல்லை. “காப்பர் வைண்டிங்கா? பில்லில் எழுதிக் கொடுங்கள்” என்று கேட்டீர்களா? கண்ணால் பார்த்து நம்பாதீர்கள். அலுமினியக் கம்பிக்கும் செம்பு நிறத்தில் எனாமல் பூசுகிறார்கள். நுனியை வெட்டினால்தான் வெள்ளை தெரியும்.

அம்மாவின் மிக்ஸியை மட்டும் யார் சொன்னாலும் எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதீர்கள். மோட்டாருக்குள் நெருப்புப்பொறி அதிகமாகத் தெரிந்தால் கார்பன் பிரஷ்ஷை ஜோடியாக மாற்றுங்கள். ஜாருக்கு அடியில் கறுப்பாகத் தண்ணீர் கசிந்தால், பிளேடின் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்துவிட்டது. அன்றைக்கே மாற்றுங்கள், விட்டால் அந்தத் தண்ணீர் மோட்டாருக்குள் இறங்கும்.