ராணுவ ஏலத்தில் போன பழைய சக்திமான் லாரியை என் பெயரில் பதிவு செய்து, விண்டேஜ் நம்பர் வாங்கி, சட்டப்படி ஓட்ட முடியுமா?

பதிவு செய்ய முடியும், ஓட்டவும் முடியும். விண்டேஜ் நம்பர் மட்டும் லாரிக்குக் கிடைக்காது. முதலில் இதைத் தீர்த்துவிடுவோம். "அம்பது வருஷம் ஆச்சுன்னா விண்டேஜ், டேக்ஸ் கிடையாது, ஒண்ணும் கிடையாது" என்று வீடியோவில் அடித்துவிடுகிறவர்களை நம்பி முன்பணம் கொடுத்தவர்கள் ஏராளம். கேள்வியைப் படித்தால் நீங்களும் கொடுத்துவிட்ட மாதிரிதான் தெரிகிறது.

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஜூலையில் விண்டேஜ் வண்டிகளுக்கென்று 81ஏ முதல் 81ஜி வரை விதிகள் சேர்த்தார்கள். அதில் வருவது இரண்டு சக்கர வண்டிகளும், எம்1 வகை நாலு சக்கர வண்டிகளும்தான். எம்1 என்றால் ஓட்டுநர் போக எட்டு இருக்கைக்கு மேல் இல்லாத பயணிகள் வண்டி. சரக்கு ஏற்றக் கட்டிய லாரி 'என்' (N) வகை. அது நூறு வருடம் பழசானாலும் இந்த விதிக்குள் வராது. ஜீப், ஜோங்கா போன்ற பயணிகள் வண்டி வைத்திருப்பவர்களுக்கு வழி உண்டு. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். நம்பரில் மாநில எழுத்துக்குப் பிறகு 'வி.ஏ.' வரும். சேஸி, பாடி, இன்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. கண்காட்சி, ஆராய்ச்சி, விண்டேஜ் ராலி, அதற்குப் போய்வருவது, டீசல் போடுவது, பராமரிப்பு, இவ்வளவுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். தினசரி ஆபீசுக்கு எடுத்துப் போக முடியாது.

ஜீப்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஐம்பது வருடத்தை விதி எண்ணுவது வண்டி செய்த ஆண்டிலிருந்து அல்ல, முதல் விற்பனைக்குப் பிறகான முதல் பதிவிலிருந்து. 1944இல் செய்த ஜீப் பட்டாளத்தில் கிடந்து 1985இல் ஏலம் போயிருந்தால் ஆர்.சி.யில் 1985தான் நிற்கும். இதை வைத்து மனுவைத் திருப்பி அனுப்பினால், ஏற்பார்கள் என்ற உறுதி இல்லை என்றாலும், தயாரிப்பு ஆண்டுக்கான ஆதாரத்தோடு எழுத்தில் பதில் கொடுங்கள். வாய்ச்சண்டையில் ஒன்றும் நடக்காது.

இனி லாரி. பட்டாளத்து வண்டிக்கு நம்மைப் போல ஆர்.சி. புக் கிடையாது. மோட்டார் வாகனச் சட்டம் 60ஆம் பிரிவின் கீழ் ராணுவமே பதிவு செய்துகொள்ளும். மேல்நோக்கிய அம்புக்குறியும் இரண்டு இலக்க ஆண்டும் போட்ட நம்பர் அதனால்தான். மத்திய அரசின் உடைமையாக இருப்பது நின்ற கணத்திலேயே, பதிவைக் கட்டாயமாக்கும் 39, 40ஆம் பிரிவுகள் பொருந்தும் என்று அதே 60ஆம் பிரிவு சொல்கிறது. ராணுவ டெப்போ கேட்டைத் தாண்டியதும் அது பதிவே இல்லாத வண்டி. அம்புக்குறி நம்பரோடு ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வரலாம் என்று நினைக்காதீர்கள். பதிவில்லாமல் ஓட்டினால் 192ஆம் பிரிவு, முதல் முறை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். அதைவிடப் பெரிய வம்பு, வழியில் யார் மீதாவது இடித்தால் இன்ஷூரன்ஸ் ஒரு பைசா தராது. தற்காலிகப் பதிவு வாங்குங்கள், இல்லையென்றால் லோபெட் டிரெய்லரில் ஏற்றுங்கள்.

எல்லாமே ஒரே ஒரு காகிதத்தில் நிற்கிறது: ஃபார்ம் 21, அதாவது விற்பனைச் சான்று. புதுவண்டிக்கு டீலர் கொடுக்கும் அதே ஃபார்ம்தான். ராணுவ ஏலத்தில் போன வண்டிக்கு அதைப் பாதுகாப்புத் துறை அதிகாரி கொடுக்க வேண்டும் என்று ஃபார்மின் தலைப்பிலேயே இருக்கிறது. முன்னாள் ராணுவ வண்டிக்கு இதன் அசல் வேண்டும் என்று விதி 47 தனியாகவே சொல்கிறது. நகல், நோட்டரி கையெழுத்து, "டெப்போவுல ரெக்கார்டு இருக்கு சார்" எதுவும் செல்லாது. ஏல ரசீதும் டெலிவரி ஆர்டரும் கூடவே இருக்கட்டும், ஆனால் அவை ஃபார்ம் 21க்கு மாற்று ஆகாது.

வண்டி இப்போது ஒரு வியாபாரியின் யார்டில் நிற்கிறது என்றால் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, ஃபார்ம் 21 யார் பெயரில் இருக்கிறது? ஏலம் எடுத்தவர் பெயரில்தான் இருக்கும். அவர் தன் பெயரில் பதிவு செய்து, பிறகு ஃபார்ம் 29, 30 போட்டு உங்களுக்கு மாற்ற வேண்டும். பெயரை அடித்து எழுதிய ஃபார்ம் 21ஐக் கையிலும் தொடாதீர்கள். இரண்டாவது, அந்த லாட் எப்படி ஏலம் போனது? 2023 ஏப்ரல் 1 முதல் விதி 52ஏ நடைமுறையில் இருக்கிறது. பதினைந்து வருடம் தாண்டிய அரசு வண்டிகளின் பதிவு தானாக முடிந்துபோகும், அவை பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்துக்குப் போக வேண்டும். நாட்டுப் பாதுகாப்புப் பணிக்கான கவச, சிறப்பு வண்டிகளுக்கு விலக்கு உண்டு. ஏல அறிவிப்பில் 'ஸ்கிராப்' என்று இருந்தால் ஃபார்ம் 21 வராது. வராத காகிதத்தை ஏஜென்ட் "ரெடி பண்ணித் தர்றேன்" என்றால் அது போலி. இதில் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. அந்த லாரியைத் தோட்டத்தில் காட்சிக்கு நிறுத்தலாம், ரோட்டுக்கு ஆகாது.

ஃபார்ம் 21 சரியாக இருந்தால் அதில் எழுதிய சேஸி நம்பர், இன்ஜின் நம்பர் இரண்டையும் வண்டியோடு ஒத்துப் பாருங்கள். அதிகம் மாட்டுவது இங்கேதான். ராணுவத்தில் இன்ஜினைப் பேஸ் வொர்க்‌ஷாப்பில் இறக்கி ஓவர்ஹால் செய்வார்கள். திரும்பும்போது அதே வண்டிக்கு அதே இன்ஜின் வரும் என்ற கட்டாயம் இல்லை. காகிதத்தில் பழைய இன்ஜின் நம்பர், பானெட்டுக்குக் கீழே வேறு நம்பர். இதை டெலிவரி எடுக்கும் முன் டெப்போவிலேயே திருத்தி வாங்குவது எளிது. ஆறு மாதம் கழித்துப் போனால் அந்த அதிகாரி மாறுதலில் போயிருப்பார்.

சேஸி நம்பரைத் தேடுவது தனி வேலை. பெரும்பாலும் சேஸியின் முன்பக்க இரும்புச் சட்டத்தில், முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்தியிருப்பார்கள். அதன்மேல் கிரீஸ், மண், அதற்கும் மேல் வருடா வருடம் அடித்த பெயின்ட். கிரைண்டர் போடவே கூடாது. ஒரு மில்லி ஆழம் போனால் இலக்கம் அழியும், பிரேக் இன்ஸ்பெக்டர் பார்வையில் அது திருட்டு வண்டி. பெயின்ட் ரிமூவரைத் தடவிப் பத்து நிமிடம் ஊறவிட்டு, பித்தளை பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்து, மண்ணெண்ணெய்த் துணியால் துடையுங்கள். சாக்பீஸ் தூளை உள்ளங்கையால் பூசினால் பள்ளத்தில் மட்டும் வெள்ளை தங்கி எண் தெரியும். பிறகு மெல்லிய காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து நாலைந்து பிரிண்ட் எடுத்துவையுங்கள், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எப்படியும் கேட்பார்கள். துரு தின்று எண்ணே தெரியாவிட்டால் நீங்களாகக் குத்தாதீர்கள். மனு போட்டு, அவர்கள் அனுமதியோடு குத்த வேண்டும்.

கேபினுக்குள் தகவல் பலகை ஒன்று ஸ்க்ரூ போட்டு இருக்கும். தயாரிப்பு மாதம், ஆண்டு, எடை எல்லாம் அதில் இருக்கும், ஃபார்ம் 21இல் நிரப்ப வேண்டியதும் அதேதான். இந்தப் பலகையைத்தான் முதலில் கழற்றிப் "பட்டாளத்து நினைவுப்பொருள்" என்று ஆன்லைனில் விற்கிறது ஒரு கூட்டம். அலமாரியில் வைத்து போட்டோ போட ஒரு தகடு, அதற்காக ஒரு வண்டியின் அடையாளமே போகிறது. வாங்குகிறவர்களும் தங்களைப் பாரம்பரியக் காவலர்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். கேள்விக்குத் தொடர்பில்லைதான், இருந்தாலும் இதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

அடுத்தது பெயின்ட். விதி 121: பாதுகாப்புத் துறை வண்டி தவிர வேறு எந்த மோட்டார் வாகனமும் ஆலிவ் கிரீன் நிறத்தில் இருக்கக் கூடாது. "எங்க ஊர்ல ஒருத்தர் பத்து வருஷமா அதே பச்சையிலதான் ஓட்டுறார்" என்று கமெண்ட் வரும், தெரியும். ஓட்டலாம், பிடிக்காதவரை. பதிவுக்குக் கொண்டுபோகும் முன்பே நிறத்தை மாற்றிவிடுங்கள், ஏனென்றால் ஃபார்ம் 20இல் எழுதும் நிறம்தான் ஆர்.சி.யில் ஏறும். கரும்பச்சை அடித்து "இது ஆலிவ் இல்லை" என்று வாதாடுவதைவிட மணல் நிறமோ சாம்பலோ நிம்மதி. அம்புக்குறி, படைப்பிரிவுச் சின்னம், கதவில் எழுதிய எண் எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள்.

பதிவு மனு ஃபார்ம் 20. புது வண்டி, முன்னாள் ராணுவ வண்டி, இறக்குமதி வண்டி என்ற மூன்றில் சரியானதைக் குறியுங்கள். கூடவே ஃபார்ம் 21 அசல், இன்ஷூரன்ஸ், முகவரிச் சான்று, கட்டணம், வரி. இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கம்ப்யூட்டரில் சக்திமான் என்ற பெயரே இல்லை என்பார்கள். கிளை அலுவலகத்துக்கு நேரில் போய் சேஸி எண், இன்ஜின் எண்ணை வைத்து மூன்றாம் நபர் பாலிசியாவது போட்டு வாங்குங்கள். அது இல்லாமல் மனு நகராது.

லாரி என்றால் சரக்கு ஏற்றினாலும் ஏற்றாவிட்டாலும் சட்டப்படி போக்குவரத்து வாகனம்தான். சரக்குக்காகவே கட்டியது என்பதே போதும். ஆகவே எஃப்.சி. (தகுதிச் சான்று) கட்டாயம், எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு அது வருடா வருடம். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேல் என்றால் பர்மிட் விஷயமும் வரும். "கேம்பர் வேனா மாத்திட்டா சொந்த உபயோகம் ஆகிடுமே" என்பது நியாயமான யோசனைதான். சொந்த உபயோக கேம்பர் வேன் போக்குவரத்து அல்லாத வகையில் இருக்கிறது. ஆனால் பாடியை மாற்ற 52ஆம் பிரிவின் கீழ் அனுமதி வேண்டும், தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறான மாற்றத்தை அது அனுமதிக்காது. முதலில் வெட்டிவிட்டுப் பிறகு கேட்காதீர்கள்.

எஃப்.சி.க்குப் போகும் முன் பார்க்க வேண்டியவை: ராணுவ லைட் சுவிட்சில் வெளிச்சம் வெளியே தெரியாமல் மறைக்கும் பிளாக்அவுட் நிலை ஒன்று இருக்கும். அதில் கிடந்தால் பிரேக் லைட்டும் எரியாது, நீங்கள் வயரிங் முழுக்கப் பிரித்துத் தேடுவீர்கள். பல ராணுவ வண்டிகளில் 24 வோல்ட் என்பதால் 12 வோல்ட் இண்டிகேட்டர் பல்பும் ஃபிளாஷரும் போட்ட உடனே போய்விடும். வருடக்கணக்கில் நின்ற வண்டியில் வீல் சிலிண்டர் கப், மாஸ்டர் சிலிண்டர் கப், ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றுங்கள். ஒன்றை மாற்றினால் அழுத்தம் கூடி அடுத்தது ஒழுகும். பிரேக் ஆயில் மட்டுமே ஊற்றுங்கள், இன்ஜின் ஆயில் கலந்தால் கப் ஊதிப்போய் பிரேக் பிடித்தபடியே நிற்கும். நாலு சக்கர டிரைவ் என்பதால் டயர் எல்லாம் ஒரே அளவு, ஒரே தேய்மானம் இருக்க வேண்டும், இல்லையென்றால் முன், பின் ஆக்சிலுக்குச் சக்தியைப் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்பர் கேஸ் முறுக்கேறும். தானியங்கி எஃப்.சி. சோதனை மையத்தில் ரோலர் மேல் ஏற்றுவதற்கு முன்பு, முன் ஆக்சிலுக்குப் போகும் டிரைவைத் துண்டித்துவிடுங்கள், மறந்தால் வண்டி ரோலரைவிட்டுத் தாவும். இரண்டு துண்டாகப் போல்ட் போட்ட ரிம் இருந்தால் காற்றை முழுக்க இறக்கி, வால்வு ஊசியையும் கழற்றிய பிறகே நட்டில் ஸ்பானர் வையுங்கள். காற்றோடு கழற்றினால் ரிம் ஆளையே அடித்துவிடும்.

புகைச் சோதனையில் பழைய டீசலுக்கு 65 ஹார்ட்ரிட்ஜ் (புகை அடர்த்தியின் அளவு) வரை அனுமதி. இன்ஜெக்டரும் ஏர் பில்டரும் சரியாக இருந்தால் அதற்குள் வந்துவிடும். டெல்லிப் பக்கம் மட்டும் கொண்டுபோகாதீர்கள், பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிக்கு அங்கே வேறு கணக்கு.

கடைசியாக லைசென்ஸ். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் போக்குவரத்து வண்டியைச் சாதாரண கார் லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் உறுதி செய்தது. பார்க்க வேண்டியது வெறும் வண்டியின் எடையை அல்ல, சரக்கோடு சேர்த்த மொத்த எடையை. ஃபார்ம் 21இல் அந்த எண் 7,500ஐத் தாண்டினால் கனரக லைசென்ஸ் வேண்டும். அதற்கு வயது 20 ஆகியிருக்க வேண்டும், கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருடமாவது முடிந்திருக்க வேண்டும், ஃபார்ம் 1ஏ மருத்துவச் சான்றும் வேண்டும். ஒரு வருடம் முடியவில்லை என்றால் எல்எல்ஆரே கொடுக்க மாட்டார்கள், அதுவரை கனரக லைசென்ஸ் உள்ள ஓட்டுநரை வைத்து எஃப்.சி.க்குக் கொண்டுபோங்கள்.