ஊருக்குப் போய்த் திரும்பினால் குளியலறையில் ஏன் நாற்றம் அடிக்கிறது?

பெரும்பாலும் ‘நீர்ப்பூட்டு’ வறண்டுபோனதுதான் காரணம். தரை வடிகாலுக்கும் சிங்க்குக்கும் அடியில் குழாய் வளைந்திருக்கும். அந்த வளைவில் எப்போதும் தேங்கி நிற்கும் தண்ணீருக்குத்தான் அந்தப் பெயர். பாத்திரத்துக்கு மூடி போட்டதுபோல, சாக்கடை வாயுவை அது மேலே வர விடாது. தினமும் புழங்கும்போது தானாகவே நிரம்பிவிடும், நாம் கவனிப்பதே இல்லை. சில வாரம் வீட்டைப் பூட்டிப் போட்டால், அதுவும் கோடையில், தண்ணீர் ஆவியாகி வளைவு காலியாகிவிடும். சில சமயம் கரப்பான்களும் அந்த வழியாக வரும், அது தனித் தொல்லை.

கிளம்பும் முன் ஒவ்வொரு வடிகாலிலும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றுங்கள். அப்புறம் மேலே இரண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய். அது மிதந்து, ஆவியாவதைத் தாமதப்படுத்தும்.

அழுக்குதான் நாறுகிறது என்று நினைத்துப் பலரும் ஆசிட் ஊற்றித் தேய்க்கிறார்கள். வறண்ட பூட்டுக்கு வேண்டியது வெறும் தண்ணீர்தான்.