வெப்ப நாட்டு வீடும் உறைபனியும்: டெக்சாஸ் தமிழர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

(ஹூஸ்டனில் இருபது ஆண்டுகளாகக் கட்டடங்களின் குழாய், வெப்பமூட்டும் அமைப்புகளை வடிவமைத்துவரும் பொறியாளர் ஒருவர் அளித்த பதில்கள்.)

கேள்வி: ஐயா, நாங்கள் பத்து ஆண்டுகள் சிகாகோவில் இருந்துவிட்டு ஹூஸ்டனுக்கு வந்திருக்கிறோம். அங்கே மைனஸ் 20 டிகிரி செல்சியஸிலும் வாழ்க்கை நடந்தது. இங்கே மைனஸ் 5 என்றாலே ஏன் இவ்வளவு அச்சம்?

பதில்: குளிர் குறைவுதான், ஆனால் நீங்கள் இப்போது குடியிருக்கும் வீடு வேறு. சிகாகோ வீட்டில் தண்ணீர்க் குழாய்கள் நிலவறையிலும் உட்சுவர்களிலும் சூடாக இருக்கும். இங்கே பெரும்பாலான வீடுகளுக்கு நிலவறையே கிடையாது. குழாய்கள் கூரைக்கு அடியிலுள்ள பரண் வழியாகவும் வெளிச்சுவர்களுக்குள்ளும் செல்கின்றன. கோடை வெப்பம் வெளியேற வேண்டும் என்பதற்காகவே அந்தப் பரணில் காற்றுத் துளைகள் விட்டிருக்கிறார்கள். ஜூலையில் நம்மைக் காக்கும் அதே துளைகள்தான் பிப்ரவரியில் உறைகாற்றை உள்ளே விடுகின்றன.

2021 பிப்ரவரி 16 அன்று ஹூஸ்டனில் வெப்பநிலை மைனஸ் 10க்கும் கீழே இறங்கியது. டல்லாஸில் மைனஸ் 19 வரை சென்றது. எரிவாயுக் கிணறுகளும் மின் நிலையங்களும் உறைந்து நின்றன. டெக்சாஸின் மின்தொகுப்பு நாட்டின் மற்ற தொகுப்புகளிலிருந்து பெரிதும் தனித்து இயங்குவதால், வெளியிலிருந்து போதிய மின்சாரத்தைப் பெறவும் வழியில்லை. ஏறத்தாழ 45 லட்சம் வீடுகளும் கடைகளும் இருளில் மூழ்கின. மாநிலச் சுகாதாரத் துறையின் கணக்குப்படி 246 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது குளிரே. எரிவாயுவில் இயங்கும் ஹீட்டர் வைத்திருப்பவர்களும் நிம்மதியாக இருந்துவிட முடியாது; அதன் விசிறிக்கும் மின்சாரம் வேண்டும்.

கேள்வி: குழாயைச் சொட்டவிட்டால் வெடிக்காது என்கிறார்கள். அந்தச் சிறு சொட்டால் என்ன பயன்?

பதில்: பயன் உண்டு, காரணத்தைப் புரிந்துகொண்டு செய்தால். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவடைகிறது. பனிக்கட்டி உருவான இடத்திலேயே குழாய் வெடிக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. வளர்ந்துவரும் பனிக்கட்டிக்கும் மூடிய குழாய்த் திருகுக்கும் இடையே சிக்கிக்கொண்ட தண்ணீர் வேறு போக்கிடமின்றி அழுத்தம் கூடிக்கூடி, அங்கேதான் குழாயைப் பிளக்கிறது. திருகைச் சற்றே திறந்து வைத்தால் அந்த அழுத்தம் வெளியேறிவிடும். காப்புறை இல்லாத குழாய்களுக்கு மைனஸ் 7 டிகிரி, அதாவது 20 பாரன்ஹீட், அபாய எல்லை என்று கொள்ளுங்கள். வெளிச்சுவரை ஒட்டிய சமையலறைத் தொட்டியின் அடிக்கதவுகளையும் திறந்து வையுங்கள். அறையின் சூடு குழாயைத் தொடும்.

ஆனால் ஊர் முழுவதும் சொட்டவிட்டால் பொதுக் குழாய்களில் அழுத்தம் வீழ்ந்துவிடும். 2021இல் ஹூஸ்டன் நகராட்சி, சொட்டவிட வேண்டாம் என்றே மக்களைக் கேட்டுக்கொண்டது. மின்சாரம் நின்று வீடு குளிரத் தொடங்கிவிட்டால், நான் பரிந்துரைப்பது முதன்மை வால்வை மூடிவிடுவதைத்தான். தண்ணீர் சூடேற்றியை அணைத்து, மேல்தளத்திலும் கீழ்த்தளத்திலும் உள்ள எல்லாத் திருகுகளையும் திறந்து குழாய்களைக் காலி செய்யுங்கள். அதற்கு முன் குடிக்கவும் கழிப்பறைக்கும் வேண்டிய தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த வால்வு எங்கே இருக்கிறது, அதைத் திருப்ப என்ன கருவி வேண்டும் என்பதை இன்றே, வெயில் இருக்கும்போதே பார்த்து வைக்குமாறு வேண்டிக்கொள்கிறேன்.

கேள்வி: மின்சாரம் இல்லாதபோது, சன்னலைச் சிறிது திறந்து வைத்துக்கொண்டு கரி அடுப்பை வீட்டுக்குள் மூட்டலாமா?

பதில்: கூடாது. சன்னலைத் திறந்து வைத்தாலும் கூடாது. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பற்றிக்கொள்கிறது; உறங்குபவர் விழிக்காமலேயே இறந்துவிடலாம். 2021இல் ஹூஸ்டன் பகுதியில் நூற்றுக்கணக்கானோர் இந்த நச்சால் மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். கராஜில் காரை ஓடவிட்டுச் சூடு காய்வதும், கதவருகே ஜெனரேட்டரை வைப்பதும் அதே அளவு ஆபத்தானவை. ஜெனரேட்டர் சன்னல், கதவுகளிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி வெளியே இருக்க வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தால் உடனே வெளியேறி 911ஐ அழையுங்கள்.

சூட்டுக்கு வேறு வழி இருக்கிறது. எல்லோரும் ஒரே சிறிய அறையில் கூடுங்கள். கதவிடுக்கில் துண்டுகளைச் செருகுங்கள். சன்னல்களில் கம்பளியைத் தொங்கவிடுங்கள். அறைக்குள்ளேயே போர்வைகளால் ஒரு கூடாரம் அமைத்துக்கொண்டால், உள்ளே இருப்பவர்களின் உடல் வெப்பமே கணிசமாக உதவும்.

கேள்வி: மதுரையிலிருந்து என் தாயார் வந்திருக்கிறார். வயது 74. பருத்திச் சேலையோடு இருந்துகொண்டு, "எனக்குக் குளிரவில்லை" என்கிறார். நடுக்கமும் இல்லை. விட்டுவிடலாமா?

பதில்: தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். முதியவர்களுக்குக் குளிரை உணரும் திறன் குறைந்திருக்கும். நடுக்கம் இல்லாததை நலமாக இருப்பதன் அடையாளமாகக் கொள்ளக் கூடாது. உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் பேச்சு குழறும், தூக்கம் சொக்கும், கைகள் தடுமாறும். அப்போது 911ஐ அழைக்கத் தயங்காதீர்கள். உதவி வரும்வரை ஈர உடையை மாற்றி, முதலில் மார்பையும் வயிற்றையும் சூடாக்குங்கள். கைகால்களைத் தேய்க்க வேண்டாம். பருத்தி நனைந்தால் சூட்டைக் காக்காது. எனவே சேலைக்கு உள்ளே ஒட்டிய கம்பளி உள்ளாடை, மேலே ஸ்வெட்டர், காதை மூடும் தொப்பி, காலுறை என அடுக்கடுக்காக அணிவியுங்கள்.

கேள்வி: சாலை காய்ந்துதான் தெரிகிறது. அலுவலகத்துக்குக் காரில் போகலாமா?

பதில்: தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். மேம்பாலங்களுக்கு மேலும் கீழும் குளிர்காற்று படுவதால் அவையே முதலில் உறைகின்றன. அந்தப் பனிப்படலம் கண்ணுக்குத் தெரியாது. 2021 பிப்ரவரி 11 அன்று போர்ட் வொர்த்தில் 130க்கும் மேற்பட்ட வாகனங்கள் ஒன்றோடொன்று மோதி 6 பேர் இறந்தது அத்தகைய சாலையில்தான்.

கேள்வி: எங்கள் கறிவேப்பிலைச் செடி தொட்டியில் ஆறு ஆண்டுகளாக வளர்கிறது. முருங்கை தரையில் இருக்கிறது. இரண்டையும் காப்பாற்ற முடியுமா?

பதில்: கறிவேப்பிலைத் தொட்டியைக் கராஜுக்குள் கொண்டுபோய்விடுங்கள், தொட்டி மண் எளிதில் உறைந்துவிடும். முருங்கையின் அடியில் உலர்ந்த இலைகளை ஒரு சாண் உயரத்துக்குக் குவித்து, தண்டைப் பழைய போர்வையால் தரைவரை மூடுங்கள். பிளாஸ்டிக் உறை இலையைத் தொடக் கூடாது. மேலே உள்ள கிளைகள் கருகலாம். வேர் பிழைத்தால் முருங்கை மீண்டும் துளிர்க்கும். பனி போனதும் அவசரப்பட்டு எதையும் வெட்டாதீர்கள். மார்ச் முடியட்டும், பட்டையை நகத்தால் மெல்லச் சுரண்டிப் பார்த்து, உள்ளே பச்சை தெரியும் இடத்துக்கு மேலே மட்டும் வெட்டுங்கள்.