ஹீட்டர் பைப்புல காந்தம் மாட்டலாமா?

கேள்வி: அண்ணே வணக்கம். சிங்கப்பூர் ஈசூன்ல நாலறை வீட்டுல இருக்கோம். போன வாரம் புளோக் கீழ திறந்தவெளித் தளமான வாய்ட் டெக்ல ஒருத்தர் மேசை போட்டு, ஹீட்டருக்கு தண்ணி போற பைப்புல ரெண்டு காந்தத்த கவ்வ வச்சா உப்பே படியாது, கரண்ட் பில்லும் குறையும்னு சொல்லி 380 வெள்ளிக்கு விக்கிறார். திருச்சி வீட்டுல போர் தண்ணில கீசர் காயில் ரெண்டு தடவ போயிருச்சுன்னு மாமியார் பயப்படுறாங்க. இங்க கெட்டில் அடியிலயும் லேசா வெள்ளை தெரியுது. வாங்கவா?

பதில்: வாங்காதீங்க தங்கச்சி.

உங்க மாமியார் பயம் நிஜமானதுதான், போர் தண்ணில கால்சியம் பைகார்பனேட் கரைஞ்சு கிடக்கும், சூடு ஏறுனதும் அது உடைஞ்சு கரியமில வாயு வெளிய போயிடும், மிச்சம் கால்சியம் கார்பனேட்டா, அதாவது சுண்ணாம்புக்கல்லா காயில் மேலயே ஒட்டிக்கும். சர்க்கரை சுடுதண்ணில நல்லா கரையும்ல, இது நேர்மாறு, சூடு கூடக்கூட கரையாம படியும். அதனாலதான் குழாய்ல ஒண்ணும் தெரியாது, காயில்ல மட்டும் கல்லு மாதிரி புடிக்கும்.

இப்ப காந்தம். அது தண்ணில இருந்து ஒரு துளி கால்சியத்தகூட எடுக்காது. விக்கிறவங்களே அப்படி சொல்றதில்ல, "உப்பு இருக்கும், ஆனா அதோட வடிவம் மாறி ஒட்டாம போயிடும்"னுதான் சொல்வாங்க. லேப்ல சில பேருக்கு படிகம் கொஞ்சம் மாறுன மாதிரி தெரிஞ்சிருக்கு, சில பேருக்கு ஒண்ணுமே தெரியல, ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரல. அமெரிக்க ராணுவத்தோட பொறியியல் ஆய்வுக்கூடம் 2001-ல ஒரு அறிக்கை போட்டுச்சு, காந்தக் கருவி ரெண்டு, எலக்ட்ரானிக் கருவி ஒண்ணு, சூடான தண்ணி ஓடுற குழாய்ல மாட்டி, எதுவுமே மாட்டாத குழாயோட ஒப்பிட்டுப் பாத்தாங்க. படிவுல வித்தியாசம் இல்ல.

அப்ப வாங்குனவங்க ஏன் நல்லா இருக்குன்னு சொல்றாங்க? இதத்தான் நீங்க முக்கியமா யோசிக்கணும். நம்ம சிங்கப்பூர் பைப் தண்ணி திருச்சி போர் தண்ணி மாதிரி இல்ல, கடினம், அதாவது கரைஞ்சிருக்கற கால்சியம் மாதிரி உப்பு, அத விட கம்மி. இங்க தண்ணி விநியோகம் பண்ற அரசு அமைப்பு பியுபி போடுற தண்ணி தர அறிக்கைல மொத்த கடினத்தன்மைன்னு ஒரு வரி இருக்கும், பாருங்க. லிட்டருக்கு 60 மில்லிகிராமுக்குள்ள இருந்தா மென்தண்ணி, 180-க்கு மேல போனாத்தான் ரொம்ப கடினம்னு கணக்கு. இங்க காந்தம் மாட்டலன்னாலும் பெருசா படியாது, மாட்டுனவங்க வருஷம் கழிச்சு திறந்து பாத்து சுத்தமா இருக்குன்னு சந்தோஷப்படுவாங்க, பேரு காந்தத்துக்குப் போயிடும். மனசு வருத்தமா இருக்கு, வயசானவங்க பென்ஷன் காசையும் இதுல போடுறாங்க.

கெட்டில் வெள்ளைக்கு ஒரு ஸ்பூன் சிட்ரிக் ஆசிட் போட்டு தண்ணிய கொதிக்க வச்சு அரை மணி நேரம் விடுங்க, கரைஞ்சு போயிடும், ரெண்டு தடவ கழுவிடுங்க. வினிகரும் செய்யும், வாசனை போக நேரமாகும். குடிச்சாலும் அந்த வெள்ளை ஒண்ணும் பண்ணாது.

திருச்சி வீட்டுக்கும் காந்தம் வேணாம், அங்க உப்பு போட்டு ரீஜெனரேட் பண்ற, அதாவது திரும்பப் புதுப்பிக்கிற சாஃப்ட்னர்தான் வழி, உள்ள இருக்கற ரெசின்ங்கற குட்டி உருண்டைங்க கால்சியத்த நிஜமாவே புடிச்சுக்கிட்டு பதிலுக்கு சோடியத்த விடும். தெர்மோஸ்டாட்ட 60 டிகிரிக்கு மேல ஏத்தாதீங்க, சூடு ஏறுனா படிவு வேகமாகும்.

22 வருஷமா ஹீட்டர் வேலை பாக்குறேன், இங்க நான் கழட்டுன டேங்க் கெட்டுப்போனதுக்கு பெரும்பாலும் துருதான் காரணம். போன மாசம் ஒரு வீட்டுல ஆனோட் ராட வெளிய இழுத்தேன், விரல் தடிமனுக்கு இருக்க வேண்டிய மெக்னீசியம் முழுக்க தின்னு போயி நடுவுல கம்பி மட்டும் சொரசொரன்னு நிக்குது, அடியில டேங்க் கசிய ஆரம்பிச்சிருச்சு. டேங்க் துருப்பிடிக்காம இருக்க தன்னையே கொடுக்குற குச்சி அது, பல ஸ்டோரேஜ் ஹீட்டர்ல இருக்கும். அந்த 380 வெள்ளில கொஞ்சத்த எடுத்து லைசென்ஸ் உள்ள பிளம்பர கூப்ட்டு, மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணிட்டு, உங்க ஹீட்டர்ல ஆனோட் இருக்கா, எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பாக்கச் சொல்லுங்க.