சிமுலேஷன் ஆய்வகத்துக்குக் கணினி வாங்குகிறீர்களா?

ஓபன்ஃபோம் மென்பொருளில் திரவ ஓட்டக் கணக்குகள் போடுகிறோம். செயலியில் 16 கோர் (கணக்கிடும் அலகு) உள்ள கணினியில் எட்டுக்கு மேல் கோர் ஒதுக்கினாலும் வேகம் கூடவில்லை. 32 கோர் வாங்கலாமா? (யஷ்வந்த்பூர்)

வேண்டாம். உங்கள் கோர்கள் தரவுக்காகக் காத்துக் கிடக்கின்றன. மெமரியிலிருந்து கோர்களுக்குத் தரவு வரும் பாதை, அதாவது மெமரி சேனல், சாதாரண மேசைக் கணினியில் இரண்டுதான். டிடிஆர்5-5600 வகை மெமரி போட்டாலும் நொடிக்கு 89.6 ஜிகாபைட்தான் உச்சம். ஏஎம்டியின் த்ரெட்ரிப்பர் புரோ 7000 வரிசைச் செயலிகளில் சேனல் எட்டு. டிடிஆர்5-5200 மெமரியோடு 332.8 ஜிகாபைட் வரை போகும். பணத்தை அங்கே போடுங்கள்.

பெங்களூரு எஸ்.பி. ரோடு கணினிக் கடைகளில் கொட்டேஷன் வாங்கும்போது '128 ஜிபி ராம்' என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். 64 ஜிபி ராம் இரண்டைச் செருகி அனுப்பினாலும் கணக்குச் சரிதான். ஆனால் ஆறு சேனல் வெறுமையாகக் கிடக்கும். 16 ஜிபி வீதம் எட்டு என்று தெளிவாக எழுதுங்கள். பலரும் ஏமாறுவது இந்த ஒரு வரியில்தான்.

விளையாட்டுக்கான கிராபிக்ஸ் கார்டு ஆய்வுக்குப் போதுமா? (அல்சூர்)

குரோமாக்ஸ் மென்பொருளில் புரதங்களை ஆராய்கிறீர்கள் என்றால் தாராளமாகப் போதும். அது பெரும்பாலும் ஒற்றைத் துல்லியத்தில்தான் (ஓர் எண்ணுக்கு 32 பிட்) கணக்கிடுகிறது. இரட்டைத் துல்லியம் (64 பிட்) கேட்கும் நிரல் என்றால் கதையே வேறு: விளையாட்டுக் கார்டான ஆர்டிஎக்ஸ் 4090-இல் அந்த வேகம் ஒற்றைத் துல்லிய வேகத்தில் 64-இல் ஒரு பங்கு, ஆய்வுக் கணக்குகளுக்கான ஏ100 கார்டில் பாதி. நிரல் எழுதியவரிடம் கேட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள்.

பிழை திருத்தும் இசிசி மெமரி அவசியமா? (ஜெயநகர்)

வாரக்கணக்கில் ஓடும் வேலை என்றால் அவசியம். மெமரியில் ஒரு பிட் புரண்டால் கணக்கு நிற்காமலே தவறான விடையைத் தரக்கூடும். அந்த விடை ஆய்வேட்டில் ஏறினால் யார் பொறுப்பு?

மே மாத மழையில் மின்சாரம் போய், நான்கு நாள் ஓட்டம் வீணானது. பெரிய யுபிஎஸ் வாங்கினால் தீருமா? (மல்லேஸ்வரம்)

படித்ததும் மனம் வலித்தது. யுபிஎஸ் வாங்குங்கள், ஆனால் முழு மின்தடையையும் அது தாங்கும் என்று எண்ணாதீர்கள். கணினியை ஒழுங்காக நிறுத்தப் பத்து நிமிடம் கிடைத்தால் போதும். யுஎஸ்பி கேபிளால் இரண்டையும் இணைத்து, பேட்டரி இறங்கும்போது கணினி தானாக அணையும்படி அமையுங்கள். நள்ளிரவில் ஆய்வகத்தில் ஆள் இருக்க மாட்டார்கள்.

அதைவிட முக்கியம், இடைநிலையைச் சேமிப்பது. குரோமாக்ஸ் 15 நிமிடத்துக்கு ஒருமுறை தானே சேமிக்கும். ஓபன்ஃபோமில் அந்த இடைவெளியை நீங்கள்தான் கட்டுப்பாட்டுக் கோப்பில் எழுத வேண்டும். எழுதிய பின், ஓடும் கணக்கை வேண்டுமென்றே நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறதா என்று இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.