சேலத்துக்கு வந்ததும் சுருதி இறங்கிய இசைத்தட்டு: வாசகர் கேள்வி பதில்

வீட்டில் பாட்டுக் கேட்கும் கருவிகளைப் பற்றி வந்த கடிதங்களில், சேலம் நகரத்திலிருந்தும் ஏற்காட்டு மலையிலிருந்தும் வந்தவற்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். நீண்ட கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். எழுதியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் மகன், தான் வைத்திருந்த பழைய ரெக்கார்டு பிளேயரைக் கொண்டுவந்து கொடுத்தான். அது 110 வோல்ட்டில் ஓடுவது என்பதால் டிரான்ஸ்பார்மர் வைத்துத்தான் போடுகிறேன். ஐந்தரைக் கட்டைச் சுருதியில் பாடும் ஒரு பாடகியின் கச்சேரித் தட்டு அதில் நாலு கட்டையில் ஒலிக்கிறது. குரலும் ஆண் குரல்போலக் கனத்துவிட்டது. ஊசி தேய்ந்திருக்கும், மாற்றுங்கள் என்கிறார் கடைக்காரர். மாற்றலாமா?
(வாசகர், ஃபேர்லாண்ட்ஸ், சேலம்)

பதில்: மாற்ற வேண்டாம். ஊசி தேய்ந்தால் குரல் கரகரக்கும், 'ஸ' வரும் இடமெல்லாம் சீறும், சுருதி இறங்காது. நாலு கட்டை என்று காதால் அளந்து நீங்கள் எழுதியதே கோளாறு எது என்பதைச் சொல்லிவிட்டது. ஐந்தரையிலிருந்து ஐந்து, நாலரை, நாலு என்று இறங்கினால் மூன்று அரைச்சுரப் படிகள். தட்டு தன் வேகத்தில் ஆறில் ஐந்து பங்கு மட்டுமே சுழன்றால் சுருதி ஏறக்குறைய இந்த அளவுதான் இறங்கும். அந்த ஆறுக்கும் ஐந்துக்கும் காரணம் மின்சாரம். அமெரிக்காவில் மாறுமின்சாரம் நொடிக்கு 60 சுற்று, நம் நாட்டில் 50. நீங்கள் வைத்திருக்கும் டிரான்ஸ்பார்மர் 230 வோல்ட்டை 110 ஆகக் குறைக்கிறதே தவிர, அந்த 50-ஐ 60 ஆக்குவதில்லை. பழைய பிளேயர்கள் பலவற்றில் உள்ள மோட்டார், வோல்ட்டேஜைப் பார்த்து அல்ல, மின்சாரத்தின் இந்தத் துடிப்பைப் பார்த்தே தன் வேகத்தை வைத்துக்கொள்கிறது. ஆகவே நிமிடத்துக்கு 33⅓ முறை சுழல வேண்டிய தட்டு, உங்கள் வீட்டில் 28-க்கும் சற்றுக் குறைவாகவே சுழல்கிறது.

என் பேச்சை நம்பி நீங்கள் எதையும் வாங்க வேண்டாம். முதலில் எண்ணிப் பாருங்கள். தட்டின் லேபிள் ஓரத்தில் ஒரு சின்னத் துண்டுக் காகிதத்தை ஒட்டிவிட்டு, கடிகாரத்தை வைத்துக்கொண்டு மூன்று நிமிடம் எண்ண வேண்டும். சரியான வேகத்தில் ஓடினால் மூன்று நிமிடத்தில் நூறு சுற்று வரும். உங்களுக்கு 83 வரும் என்பது என் கணக்கு.

வந்தால், வழி இரண்டு உண்டு. பெல்ட்டில் ஓடுவதாக இருந்தால், மோட்டாரின் தண்டில் செருகியிருக்கும் சின்னப் பித்தளைப் புல்லியை ஐந்துக்கு ஆறு என்ற விகிதத்தில் பெரிதாக்கிக் கடைந்து மாட்டினால் போதும். சில கம்பெனிகள் 50-க்கும் 60-க்கும் தனித்தனிப் புல்லி விற்றதும் உண்டு. கிடைக்காவிட்டால், அளவை எழுதிக் கொடுத்து ஒரு நல்ல லேத் பட்டறையில் கடையச் சொல்லுங்கள். ஆனால் மயிரிழை கோணினாலும் நீட்டிப் பிடிக்கும் சுரம் நடுங்கும் என்பதால் மலிவான ஆளிடம் போகாதீர்கள். இன்னொரு வழி, 60 சுற்று மின்சாரத்தைத் தானே உண்டாக்கித் தரும் மின்னணுப் பெட்டி; செலவு அதிகம், வேலை சுத்தம். மின்சாரத்தை நேர்மின்சாரமாக மாற்றிக்கொண்டு ஓடும் மோட்டார்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. வெளிநாட்டிலிருந்து பிளேயர் கொண்டுவர நினைக்கும் மற்ற வாசகர்கள், அதன் பின்புறத்தில் 50/60 என்று இரண்டும் அச்சாகியிருக்கிறதா, 60 மட்டுமா என்று பார்த்துவிட்டுப் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: புதிதாகக் கட்டிய வீட்டில் பத்துக்குப் பத்து அறை ஒன்றைப் பாட்டுக் கேட்பதற்கென்றே ஒதுக்கினேன். தளத்தின் உயரமும் பத்தடிதான். மிருதங்கத்தின் தொப்பி, அதாவது தாழ்ந்த ஒலி தரும் இடது பக்கம், 'தொம்' என்று விழுந்து அங்கேயே தங்கிவிடுகிறது; குரல் தகரப் பெட்டிக்குள்ளிருந்து வருகிறது. இப்போதுள்ள 50 வாட் ஆம்பிளிபயரைக் கொடுத்துவிட்டு 100 வாட் வாங்கினால் சரியாகிவிடும் என்கிறார்கள்.
(வாசகர், அம்மாபேட்டை, சேலம்)

பதில்: ஆகாது. வாட்டை இரண்டு மடங்காக்கினால் ஒலி கூடுவது 3 டெசிபல் மட்டும். கவனித்துக் கேட்டால் 'கொஞ்சம் கூடியிருக்கிறதோ' என்று தோன்றும், அவ்வளவுதான். காதுக்கு இரு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். உங்களுக்கோ ஒலி போதாமல் இல்லை, வேண்டாத இடத்தில் அதிகமாக இருக்கிறது. அதையும் பெரிய ஆம்பிளிபயர் சேர்த்துப் பெருக்கித்தான் தரும்.

கோளாறு அறையின் அளவில் இருக்கிறது. எதிரெதிராக நிற்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவே, அந்த இடைவெளியைப்போல் இரு மடங்கு நீள அலை கொண்ட ஒலி வந்து மாட்டிக்கொண்டு நின்றுவிடும். பத்தடி இடைவெளிக்கு அது நொடிக்கு 56 அதிர்வு. அதன் இரட்டிப்பான 112-இலும் ஒரு நிலை உண்டு. அறை நீள்சதுரமாக இருந்தால் நீளத்துக்கு ஒன்று, அகலத்துக்கு ஒன்று, உயரத்துக்கு ஒன்று என்று இந்தத் தேக்கங்கள் பிரிந்து விழுந்து தெரியாமல் போகும். உங்கள் அறை நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடியாக இருப்பதால் மூன்றும் ஒரே இடத்தில் குவிந்து நிற்கின்றன. மனை வாஸ்துவுக்குச் சதுரம் உத்தமம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். மிருதங்கத்துக்கு அது ஆகாது.

சுவரை இடிக்க வேண்டியதில்லை. நீங்கள் அனுப்பிய வரைபடத்தில் ஸ்பீக்கர் இரண்டும் மூலையில் ஒட்டி நிற்கின்றன, உங்கள் திவானும் பின்சுவரில் முதுகை ஒட்டிக் கிடக்கிறது. தாழ்ந்த ஒலிகள் மூலையிலும் சுவரோரத்திலும்தான் கனத்துக் கிடக்கும். நீங்கள் ஸ்பீக்கரை அங்கே வைத்துக் கிளப்பிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து கேட்கிறீர்கள். ஸ்பீக்கர்களை மூலையிலிருந்து இரண்டடி வெளியே எடுங்கள். திவானைப் பின்சுவரிலிருந்து மூன்றடி முன்னே இழுங்கள். அறையின் நட்டநடுவுக்கு மட்டும் போகாதீர்கள், அங்கே இதே 56 அதிர்வு அநேகமாகக் காணாமல் போய், தொப்பியே இல்லாத மிருதங்கம் கேட்கும். இதற்கு ஒரு பைசா செலவில்லை, ஓர் ஆள் துணை போதும்.

தகரப் பெட்டிக் குரலுக்குக் காரணம் வேறு. காலி அறையின் நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டிப் பாருங்கள். 'டிர்ர்' என்று சின்ன மணி உதறுவதுபோல் ஒரு வால் வரும். பூசிய சுவரும் கிரானைட் தரையும் ஒலியைப் பந்துபோல் எறிந்து விளையாடுகின்றன. தரையில் ஒரு கனத்த பவானி ஜமக்காளத்தை விரித்து, ஒரு சுவரில் புத்தக அலமாரி வைத்து, மூலைக்கு ஒன்றாக இலவம் பஞ்சு மெத்தையைச் சுருட்டி நிறுத்திவிட்டு மறுபடி கை தட்டினால் அந்த வால் அறுந்திருக்கும். முட்டை அட்டையைச் சுவரெல்லாம் ஒட்டும் யோசனை இன்றும் ஊரில் சுற்றிக்கொண்டிருக்கிறது. தாழ்ந்த ஒலிக்கு அது ஒன்றும் செய்யாது, பூச்சிக்கு வீடாகும்.

இன்னொன்று. அந்த அறையில் இரும்புப் பீரோ இருப்பதாக வரைபடத்தில் குறித்திருக்கிறீர்கள். செவ்வாய்ப்பேட்டையில் நான் குடியிருந்த வீட்டில் நாகஸ்வரத் தட்டு ஒன்றில் குறிப்பிட்ட ஒரு சுரம் வரும்போதெல்லாம் கூடவே ஒரு ரீங்காரம் வந்தது. ஸ்பீக்கர் போய்விட்டது என்று தீர்மானித்து ஒரு மாதம் அதைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தேன். கடைசியில் பாடியது பீரோவின் கைப்பிடி. மடித்த துணி ஒன்றைச் செருகியதும் நின்றது.

கேள்வி: மீட்டர் ஆயிரக்கணக்கில் விற்கும் ஸ்பீக்கர் வயர் அவசியமா?
(வாசகர், சூரமங்கலம்)

பதில்: வீட்டு அறைத் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி தாராளம். காசைவிடக் கவனம்தான் இங்கே தேவை: சிவப்பு சிவப்பிலும் கறுப்பு கறுப்பிலும் போக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாறிவிட்டால் தாழ்ந்த ஒலி மெலிந்து, நடுவில் நிற்க வேண்டிய பாடகர் எங்கே நிற்கிறார் என்றே தெரியாமல் போகும்.

கேள்வி: எங்கள் காப்பித் தோட்ட வீட்டில் அப்பா சேர்த்து வைத்த முந்நூறு கேசட்டுகள் இருக்கின்றன. மழைக்காலம் முடிந்து அலமாரியைத் திறந்தபோது பலவற்றில், டேப் சுற்றின் ஓரத்தில், வெண்ணிறப் புள்ளிகள் திட்டுத் திட்டாக இருந்தன. போட்டுப் பார்க்கலாமா? வெயிலில் வைக்கலாமா?
(வாசகி, ஏற்காடு)

பதில்: இரண்டும் கூடாது, அம்மா. அது பூஞ்சை. அப்படியே பிளேயரில் போட்டால் டேப்பின் அடுக்குகள் ஒட்டிக்கொண்டு கிழியலாம். கிழியாவிட்டாலும், அந்தத் தூள், டேப்பைப் படிக்கும் ஹெட்டிலும் டேப்பை இழுக்கும் ரப்பர் உருளையிலும் படிந்து, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் தொற்றும். வெயிலில் வைத்தால் டேப்பும் கூடும் நெளிந்துவிடும்.

முதலில் புள்ளி உள்ளவற்றையும் இல்லாதவற்றையும் தனித்தனிப் பெட்டியில் பிரியுங்கள். பிரிக்கும்போது மூக்கையும் வாயையும் மறைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தூள் நெஞ்சுக்கு நல்லதல்ல. புள்ளி உள்ளவற்றை, மூடி இறுக்கமான ஒரு டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு சில வாரம் வையுங்கள். சிலர் அரிசியைப் போடச் சொல்வார்கள். வண்டு வரும், வேண்டாம். ஈரம் வற்றிய பூஞ்சை பிசுபிசுப்பு நீங்கிப் பொடியாக உதிரும். பிறகு திருகாணி போட்ட கூடாக இருந்தால் திறந்து, பழுதானாலும் பரவாயில்லை என்று ஒதுக்கிய ஒரு பழைய பிளேயரில், டேப்பின் ஓரங்களை மெல்லிய உலர்ந்த துணி தொட்டுக்கொண்டிருக்க, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நிதானமாகச் சுற்றவிடுங்கள். ஒட்டிப்போன கூடாக இருந்தால் அதை உடைத்து, டேப்பை மட்டும் வேறொரு நல்ல கூட்டுக்கு மாற்ற வேண்டும். முதலில் பாட்டு முக்கியமில்லாத ஒரு கேசட்டில் கை பழகிக்கொள்ளுங்கள். ஹெட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடைக்கலாம். ரப்பர் உருளைக்கு நீரில் நனைத்துப் பிழிந்த துணியே மேல்.

துடைத்து முடித்ததும் உடனே கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுங்கள். கடையில் விற்ற கேசட்டுகள் பெரும்பாலும் வேறு எங்கும் கிடைக்கும். வீட்டில் பதிந்தவற்றை, குறிப்பாக அப்பாவின் குரலோ வீட்டுக் கல்யாணத்தின் நாகஸ்வரமோ இருப்பவற்றை, முதலில் எடுங்கள். ஏற்றும்போது ஒலி மந்தமாக, கம்பளி போர்த்தியதுபோல் இருந்தால், பதிந்த கருவியின் ஹெட் சாய்வும் உங்கள் கருவியின் சாய்வும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். ஹெட்டின் பக்கத்தில் உள்ள சின்னத் திருகாணியைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, ஜாலராவின் ஓசை எங்கே பளிச்சென்று வருகிறதோ அங்கே நிறுத்த வேண்டும்.

இனி அலமாரி. மாலையில் ஜன்னல் வழியாகப் பனி உள்ளே வந்து போகும் ஊரில், வெளிச்சுவரை ஒட்டி மர அலமாரி வைப்பது பூஞ்சைக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதுதான். உள்சுவருக்கு மாற்றி, சுவருக்கும் அதற்கும் நடுவே ஒரு சாண் இடம் விடுங்கள். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குள் இருந்தால் பூஞ்சை தலையெடுப்பது அரிது. அதைக் காட்டும் சின்ன மீட்டர் மலிவாகவே கிடைக்கிறது.

கேள்வி: புதிய பிளேயரை ஆம்பிளிபயரின் 'ஆக்ஸ்' துளையில் செருகினேன். வால்யூமை முழுக்கத் திருகினாலும் கொசு பாடுவதுபோல் இருக்கிறது. பிளேயர் பழுதா?
(வாசகர், அஸ்தம்பட்டி)

பதில்: பழுதில்லை, துளைதான் மாறியிருக்கிறது. ஊசியைத் தாங்கி அதன் அசைவை மின்சாரமாக்கும் கார்ட்ரிட்ஜ், காந்த வகையாக இருந்தால், தருவது ஏறக்குறைய 5 மில்லிவோல்ட், சி.டி. பிளேயர் தருவது 2 வோல்ட், அதாவது நானூறு மடங்கு. அதோடு, தட்டு வெட்டும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உயர்ந்த ஒலிகளைக் கூட்டியும் வெட்டுகிறார்கள். அப்படிச் செய்யாவிட்டால் ஊசி ஓடும் கோட்டில் தாழ்ந்த ஒலியின் வளைவு பெரிதாகி, பக்கத்துக் கோட்டில் போய் இடித்துவிடும். அதைத் திருப்பிச் சரிசெய்யும் வேலை 'போனோ' என்று எழுதிய துளைக்கு உரியது. உங்கள் ஆம்பிளிபயரில் அது இல்லையென்றால் போனோ பிரீஆம்ப் என்று தனிப் பெட்டி வாங்க வேண்டும். வாங்கும் முன் பிளேயரின் பின்புறத்தைப் பாருங்கள். சிலவற்றில் அது உள்ளேயே இருந்து, 'லைன்' என்று ஒரு சுவிட்ச் மட்டும் தள்ளப்படாமல் இருக்கும். கூட வரும் மெல்லிய எர்த் கம்பியையும் ஆம்பிளிபயரின் திருகாணியில் மாட்டுங்கள், இல்லாவிட்டால் அடுத்த கடிதத்தில் 'உம்' என்ற இரைச்சலைப் பற்றி எழுதுவீர்கள்.

கேள்வி: என் தாத்தா மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவில் தச்சு வேலை பார்த்தவர். அவர் விட்டுச்சென்ற மரப்பெட்டியில் நாற்பது கனத்த தட்டுகள் அழுக்கேறிக் கிடக்கின்றன. ஸ்பிரிட் போட்டுத் துடைத்துப் புதிய பிளேயரில் கேட்கலாமா?
(வாசகர், குகை, சேலம்)

பதில்: ஸ்பிரிட் பாட்டிலை உடனே மூடி வையுங்கள். நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் அந்தக் கனத்த தட்டுகள் அரக்கால் ஆனவை. தச்சர் வீட்டில் தெரியாததல்ல, மெருகெண்ணெய் செய்ய அரக்கைக் கரைப்பதே ஸ்பிரிட்டில்தான். துடைத்தால் அழுக்கோடு பாட்டும் துணியில் வந்துவிடும். பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, மென்மையான தூரிகையால் கோட்டின் போக்கிலேயே சுற்றித் துடைத்து, திரவம் கலக்காத டிஸ்டில்டு வாட்டரால் அலசி, லேபிள் நனையாமல் பார்த்து, நிழலில் செங்குத்தாக நிறுத்தி உலர்த்துங்கள். கிணற்று நீர் வேண்டாம். நம் ஊர் உப்பு கோட்டுக்குள் வெள்ளையாகப் படியும்.

புதிய பிளேயரில் 78 என்ற வேகம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தாலும் அதன் ஊசி இதற்கு உதவாது. பழைய தட்டின் கோடு அகலம். அதற்குரிய ஊசி முனை, 33⅓ சுற்று ஓடும் எல்.பி. தட்டின் ஊசியைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு பருத்திருக்கும். மெல்லிய ஊசி அந்தக் கோட்டின் அடியில் உள்ள புழுதியில் உருண்டு, பாட்டைவிட இரைச்சலைத்தான் அதிகம் எடுத்துத் தரும். கார்ட்ரிட்ஜுக்குப் பொருந்தும் 78 ஊசி தனியாக விற்கிறது. அதை வாங்கி மாட்டிய பிறகு, விரிசல் இல்லாத ஒரு தட்டாகப் பார்த்து முதலில் போடுங்கள். நாற்பதில் எந்தெந்தப் பாட்டு இருக்கிறது என்று லேபிளைப் பார்த்து எழுதி அனுப்பினால், எனக்கும் படிக்க ஆவல்.