"அண்ணா, தண்ணி குடுங்க": ஹோட்டலில் பிள்ளைகள் வாய் திறக்க

வெளியில் சாப்பிடப் போகும்போது சின்னப் பிள்ளைகளுக்குத் தேவைப்படும் சொற்களை எப்படிக் கற்றுக்கொடுப்பது? தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்களின் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: என் மகனுக்கு நாலு வயது. வீட்டில் வாய் ஓயாது. ஹோட்டலில் மட்டும் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விரலை நீட்டுகிறான். படம் போட்ட அட்டை வாங்கி முப்பது சொல் பழக்கினேன். அட்டையைக் காட்டினால் கடகடவென்று சொல்கிறான், ஹோட்டலில் ஒன்றுகூட வரவில்லை.
— வாசகி, பாலக்கோடு

பதில்: அட்டையில் அவன் படித்தது பொருளின் பெயர். ஹோட்டலில் வேண்டியிருப்பது கேட்கும் வாக்கியம். படத்தைப் பார்த்து 'சாம்பார்' என்று சொல்கிற பிள்ளைக்கு, 'இன்னும் கொஞ்சம் சாம்பார்' என்று வேற்று ஆளின் முகத்தைப் பார்த்துக் கேட்கத் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. அட்டையைக் கொஞ்ச நாள் எடுத்து வையுங்கள்.

முதல் மாதத்துக்கு ஐந்து வாக்கியம் போதும். "அண்ணா, தண்ணி குடுங்க." "எனக்கு ஒரு தோசை." "இன்னும் கொஞ்சம் சட்னி." "போதும்ண்ணா." "கை கழுவணும்." பேச்சில் வருகிறபடியே பழக்குங்கள். 'தண்ணீர் கொடுங்கள்' என்று பழக்கினால் அது ஒப்பிக்கும் பாடமாகிவிடும், பசி நேரத்தில் வாயில் வராது.

இந்த ஐந்தில் 'போதும்' என்பதைத்தான் முதலில் ஊன்றச் சொல்வோம். வாளியும் கரண்டியுமாக வருகிறவர் நிற்கிற நேரம் சில நொடி. அதற்குள் சொல்லாவிட்டால் இலை நிறைந்துவிடும், பிள்ளை முகம் சுருங்கும், 'வீணாக்காதே' என்ற திட்டும் விழும். கையை இலைக்கு மேலே குறுக்காக நீட்டிக்கொண்டே 'போதும்' சொல்லப் பழக்குங்கள். குரல் எழும்பாத நாளிலும் கை பேசிவிடும்.

ஹோட்டலுக்குப் போவதற்கு முன் பத்து நாள் ராத்திரிச் சாப்பாட்டில் ஒத்திகை பாருங்கள். பரிமாறுகிறவர் நீங்கள். பாதித் தோசை, ஒரு ஸ்பூன் சட்னி, டம்ளரில் கால் பங்கு தண்ணீர் என்று குறைத்தே வையுங்கள். தீர்ந்ததும் கேட்க வேண்டிய தேவை தானாக வரும். கேட்காமல் விழித்தால் ஐந்து வரை மனதுக்குள் எண்ணுங்கள். பிறகு அந்த வாக்கியத்தை அவனுக்காக நீங்களே சொல்லி, சட்னியைப் போட்டுவிடுங்கள். 'சொன்னால்தான் தருவேன்' என்ற நிபந்தனை கூடவே கூடாது. சோற்றைப் பணயம் வைத்தால் பிள்ளை பேச்சையும் வெறுக்கும், சாப்பாட்டையும் வெறுக்கும்.

ஹோட்டலுக்குப் போக மதியம் மூன்றரையிலிருந்து ஐந்துக்குள் நல்ல நேரம். கூட்டம் இருக்காது. கொலைப் பசியோடு கூட்டிப் போகாதீர்கள், பசியில் எந்தப் பிள்ளையும் புதுச் சொல் பேசாது. சுவர் ஓரம் தள்ளாமல் நடைபாதைப் பக்கம் உட்கார வையுங்கள், சப்ளையருக்குக் குரல் எட்டும். "இவன் சொல்வான், கொஞ்சம் இருங்கண்ணா" என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அன்றைக்கு அவன் சொல்ல வேண்டியது ஒரே வரி, மற்றதை நீங்கள் சொல்லலாம்.

பெரும்பாலும் கெடுவது இந்த இடத்தில்தான். சப்ளையர் கேட்ட மறுநொடியே அம்மா பதில் சொல்லிவிடுகிறார். சொல்லைத் தேடி எடுக்கப் பிள்ளைக்கு நம்மைவிட நேரம் பிடிக்கும், அந்த நேரத்தை விடுங்கள். அப்படியும் வராவிட்டால் 'எனக்கு ஒரு தோசை' என்று அவன் சொல்ல வேண்டியதை அப்படியே சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். "வீட்ல நல்லாப் பேசுவான், வெளிய வந்தா வெட்கம்" என்று அவன் காதுபடச் சொல்லாதீர்கள். பிள்ளை அதையே தன் குணமாக எடுத்துக்கொள்ளும்.

ஹோட்டலில் மட்டுமல்ல, பள்ளி, உறவினர் வீடு என்று வெளியில் எங்குமே ஒரு மாதத்துக்கு மேல் பேசாமல் இருந்தால் அது வெறும் வெட்கமாக இல்லாமல் இருக்கலாம். குழந்தை மருத்துவரிடம் சொல்லி, பேச்சுப் பயிற்சியாளரைப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் தெலுங்கு, பக்கத்து வீட்டில் கன்னடம், மகளின் பள்ளியில் ஆங்கிலம். மூன்றரை வயது. ஹோட்டலில் பேச எந்த மொழியில் சொல்லிக் கொடுப்பது?
— வாசகர், ஓசூர்

பதில்: வீட்டு மொழியை நிறுத்தாதீர்கள். ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் வைத்துக்கொள்வது மூன்றரை வயதுக்குப் பாரமே இல்லை. எந்தப் பெயர் எங்கே செல்லும் என்பதை இடத்தோடு சேர்த்துச் சொன்னால் போதும். "வீட்ல பெருகு, ஹோட்டல்ல தயிர்." "வீட்ல நீள்ளு, இங்க தண்ணி."

உப்பு, இட்லி, வடை, சட்னி, சாம்பார் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் ஏறக்குறைய ஒரே சொல். அங்கிருந்து தொடங்குங்கள். முதல் நாளே கேட்டது கிடைத்த மகிழ்ச்சி பிள்ளைக்கு வேண்டும். அடுத்தது தயிர், மோர், ரசம். உங்கள் மகள் ரசத்துக்கு 'சாரு' என்பாள். தமிழ்க் காதுக்கு அது 'சாறு', பழச்சாறு. கேட்டது ஒன்று வந்தது வேறு என்று ஆகக்கூடிய சொல் இது, முதலிலேயே பழக்கிவிடுங்கள். களி அவள் காதில் 'முத்தெ' என்றும் விழுந்திருக்கும். இரண்டும் அதே கேழ்வரகு உருண்டைதான் என்று தட்டில் வைத்துக் காட்டுங்கள்.

டம்ளர், பிளேட், ஸ்பூன், பில், பார்சல், டோக்கன் எல்லாம் நம் ஹோட்டல் தமிழில் எப்போதோ சேர்ந்துவிட்டவை. 'குவளை', 'தேக்கரண்டி' என்று மாற்றிச் சொல்லிக் கொடுத்தால் எதிரில் நிற்பவருக்குப் புரியாது, பிள்ளைதான் தடுமாறும்.

மரியாதை விகுதியை மட்டும் விட்டுவிட வேண்டாம். தெலுங்கில் 'இவ்வண்டி' என்று கேட்கிறவள் தமிழில் 'குடு' என்று கேட்டால் பிள்ளை மரியாதை தெரியாதது போலத் தோன்றும். 'குடுங்க' என்பதை ஒரே சொல்லாகவே காதில் போடுங்கள்.

கேள்வி: பேத்திக்கு மூன்று வயது. சூடாக இருந்தாலும் 'ஹாட்', காரமாக இருந்தாலும் 'ஹாட்' என்று அழுகிறாள். எதற்கு அழுகிறாள் என்றே தெரியவில்லை.
— பாட்டி ஒருவர், அரூர்

பதில்: ஆங்கிலத்தில் இரண்டுக்கும் அதே சொல். நமக்கு 'சுடுது', 'காரமா இருக்கு' என்று தனித்தனியாக இருக்கிறது. ஹோட்டலில் இந்த வேறுபாடு பெரிய உதவி. சுட்டால் ஆற வைக்க வேண்டும், காரம் என்றால் தயிரோ பாலோ தர வேண்டும். மிளகாயின் காரம் தண்ணீரில் கரையாது, அதனால்தான் தண்ணீர் குடித்தும் எரிகிறது.

சூடான சாம்பாரை வைத்துப் பழக்காதீர்கள். அதில் சூடும் காரமும் சேர்ந்தே இருப்பதால் எதற்கு எந்தப் பெயர் என்று பிள்ளைக்குப் பிரியாது. காரமே இல்லாத ஒன்று, வாய் பொறுக்கும் சூட்டில்: பால் போதும். அதைத் தந்து "சுடுது, ஊதிக்கோ" என்று சொல்லுங்கள். வேறொரு வேளையில் நன்றாக ஆறிய காரச் சட்னியை நாக்கு நுனியில் தொட்டுவைத்து "காரம், தயிர் வேணும்" என்று சொல்லுங்கள். சொல்லோடு அதற்கான மருந்தும் சேர்ந்து மனதில் நிற்கும்.

கேள்வி: எங்கள் மையத்தில் ஹோட்டல் விளையாட்டு வைத்தேன். ஐந்து நிமிடத்தில் கூச்சலாகிவிட்டது, பேச்சே நடக்கவில்லை. எப்படி வைத்தால் சரியாக வரும்?
— அங்கன்வாடிப் பணியாளர், பென்னாகரம்

பதில்: எல்லோரும் சாப்பிட வந்தவர்களாக இருந்திருப்பார்கள். ஒரு ஆட்டத்துக்கு ஆறு பிள்ளைகள் போதும்: சப்ளையர் ஒருவர், அடுப்பில் மாஸ்டர் ஒருவர், கல்லாவில் ஒருவர், சாப்பிட வந்தவர்கள் மூவர். மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து பார்க்கட்டும். பதினைந்து நிமிடத்துக்கு மேல் நீட்ட வேண்டாம்.

பொருட்களுக்குச் செலவு தேவையில்லை. வாழை இலைத் துண்டு, பழைய டம்ளர், களிமண்ணில் பிடித்த இட்லி, அட்டையில் வெட்டிய தோசை. காசுக்குப் புளியங்கொட்டை வைக்கலாம் என்று கை போகும், நம் பக்கம் அதற்குப் பஞ்சமில்லை. வைக்காதீர்கள். மூக்கில், காதில் போட்டுக்கொள்ளும் வயது இது. தாளில் வெட்டிய பத்து ரூபாய் நோட்டு போதும்.

முதல் நாள் விளையாட்டே வேண்டாம். மதிய உணவு பரிமாறும்போது தட்டு, டம்ளர், சாதம், குழம்பு என்று வாக்கியத்தில் வைத்துச் சொல்லிக்கொண்டே போங்கள். இரண்டாம் நாள் நீங்கள் சப்ளையர். மூன்றாம் நாளிலிருந்து பிள்ளைகள் கையில் விடுங்கள். ஆறு பண்டத்துக்கு மேல் மெனு வேண்டாம். களி, கீரைக் குழம்பு, பணியாரம் என்று அவர்கள் வீட்டில் பார்த்தவையும் அதில் இருக்கட்டும்.

சப்ளையருக்கு 'என்ன வேணும்?' என்ற வரியோடு, 'இட்லி இல்ல, தோசைதான் இருக்கு' என்பதையும் சொல்லிக் கொடுங்கள். ஆட்டத்தின் உயிரே அந்த 'இல்ல'தான். கேட்டது கிடைத்துவிட்டால் பேச்சு ஒரு சொல்லோடு முடிந்துவிடும். இல்லை என்றால்தான் 'அப்ப தோசை குடுங்க', 'வேற என்ன இருக்கு?' என்று அடுத்த வாக்கியம் பிறக்கும். உண்மையான ஹோட்டலிலும் பிள்ளைகள் உடைந்து அழுவது இந்த 'இல்ல'வைக் கேட்டுத்தான், விளையாட்டில் பத்து தடவை கேட்ட பிள்ளைக்கு அது பெரிதாகத் தெரியாது.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளிடம் 'சாப்பாடு', 'டிபன்' என்ற வேறுபாட்டையும் இதிலேயே கொண்டுவரலாம். வீட்டில் எது சாப்பிட்டாலும் சாப்பாடுதான். ஹோட்டலில் ராத்திரி எட்டு மணிக்குச் 'சாப்பாடு' என்று கேட்டால், 'சாப்பாடு முடிஞ்சுது, டிபன்தான்' என்று பதில் வரும். அதுபோல 'ஒரு செட் பூரி' என்றால் தட்டில் பெரும்பாலும் இரண்டு இருக்கும்.

துணிச்சலான பிள்ளையே தினமும் சப்ளையர் ஆகிவிடும். சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். பேசவே தயங்கும் பிள்ளைக்கு முதலில் கல்லாவைக் கொடுங்கள், 'பத்து ரூபா' என்று ஒரே வரிதான். மழலையைத் திருத்துகிறேன் என்று ஆட்டத்தை நிறுத்தாதீர்கள். பிள்ளை 'தோதை' என்றால் "தோசையா? இதோ வருது" என்று சரியான ஒலியைப் பதிலிலேயே கேட்க வையுங்கள்.

கேள்வி: ஐந்து வயது மகளுக்கு நிலக்கடலை ஒத்துக்கொள்ளாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஹோட்டலில் அவளே சொல்ல எப்படிப் பழக்குவது?
— தாய் ஒருவர், காவேரிப்பட்டணம்

பதில்: பழக்குங்கள், ஆனால் அவள் சொல்லை மட்டும் நம்பி விடாதீர்கள். ஆர்டர் கொடுக்கும்போது சொல்லும் பொறுப்பு உங்களுடையது. அவள் சொல்வது இரண்டாவது காவல்.

'கடலை' என்ற சொல்லை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். கடலைச் சட்னி என்றால் ஒரு கடையில் பொட்டுக்கடலை, அடுத்த கடையில் நிலக்கடலை. "கடலை போட்டிருக்கா?" என்று கேட்டால் 'இல்ல' என்று சொன்னவர் மனதில் எந்தக் கடலை இருந்தது என்று தெரியாது. 'வேர்க்கடலை' என்று முழுச் சொல்லாகப் பழக்குங்கள். நிலக்கடலை, கடலைக்காய், ஊத்தங்கரை தாண்டித் திருவண்ணாமலைப் பக்கம் மல்லாட்டை, எல்லாம் அதே பொருள்தான் என்று கையில் எடுத்து, தோலோடும் உடைத்தும் காட்டுங்கள். கையைக் கழுவிவிட்டு மற்ற வேலை. அவள் தொட வேண்டாம், பார்த்தால் போதும்.

அவள் வாக்கியம்: "எனக்கு வேர்க்கடலை ஆகாது. இதுல இருக்கா?" நீங்கள் கேட்க வேண்டியவை அதிகம். சட்னி எதில் அரைத்தது, எலுமிச்சை சாதத்தில், புளியோதரையில் தாளித்ததா, இட்லிப் பொடியில் உண்டா, எந்த எண்ணெய், அதே கரண்டியா. செக்கில் ஆட்டிய கடலெண்ணெயில் ஒவ்வாமை தரும் புரதம் தங்கியிருக்கும்.

இதைவிட முக்கியமான சொற்கள் வேறு. உடம்பில் நடப்பதைச் சொல்லும் சொற்கள். 'உதடு அரிக்குது', 'நாக்கு தடிச்ச மாதிரி இருக்கு', 'தொண்டை அடைக்குது', 'மூச்சு முட்டுது.' கண்ணாடி முன் நின்று உதடு, நாக்கு, தொண்டை என்று தொட்டுக் காட்டிப் பழக்குங்கள். 'ஒரு மாதிரி இருக்கு' என்று மட்டும் சொல்லத் தெரிந்த பிள்ளையிடம் நாம் நேரத்தை இழக்கிறோம். மூச்சுத் திணறலோ முகவீக்கமோ தெரிந்தால் மருத்துவர் சொன்ன மருந்தைக் கொடுத்து, 108-ஐ அழையுங்கள்.

கேள்வி: மகன் ஒன்றாம் வகுப்பு. எழுத்து கூட்டுகிறான். ஹோட்டல் பலகையை வைத்து வாசிப்புப் பழக்கலாமா?
— தந்தை ஒருவர், கிருஷ்ணகிரி

பதில்: தாராளமாக. உயிரெழுத்து வரிசையே அங்கே தொங்குகிறது: அடை, ஆப்பம், இட்லி, உப்புமா, ஊத்தப்பம், எலுமிச்சை சாதம், ஏலக்காய் டீ, ஐஸ்கிரீம். 'ஒ'வுக்கு நம் பக்கத்து ஒப்புட்டு இருக்கிறது, வேறு ஊரில் போளி என்பார்கள். ஒரு முறைக்கு இரண்டு சொல் போதும். சாப்பிட்டுப் பழகிய பண்டமாக எடுங்கள். அரசுப் பள்ளிப் பிள்ளை என்றால் 2022-ல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் உப்புமா, கிச்சடி, பொங்கல் எல்லாம் காதுக்கும் நாக்குக்கும் பழகியிருக்கும், எழுத்து மட்டும்தான் புதிது.

பலகையில் 'பரோட்டா', 'புரோட்டா' என்று கடைக்குக் கடை மாறும். இரண்டையும் காட்டி, இரண்டும் ஒன்றே என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: விடுமுறையில் ஒகேனக்கல் போகிறோம். மூன்றும் ஐந்துமாக இரண்டு பிள்ளைகள். மீன் சாப்பிடுவார்கள். என்ன சொல்லிக் கொடுத்துக் கூட்டிப் போவது?
— வாசகி, நல்லம்பள்ளி

பதில்: அங்கே மீனை வாங்கிக் கொடுத்தால் சமைத்துத் தருவார்கள். அதனால் பிள்ளைகள் பேசவும் நிறைய வாய்ப்பு. 'பொரிச்சதா, குழம்பா?' என்று அவர்களிடமே கேளுங்கள். 'மிளகாய்த்தூள் கம்மியா' என்பதை ஐந்து வயதுப் பிள்ளை சொல்லலாம்.

இருவருக்கும் போவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டிய சொல் 'முள்ளு'. வீட்டில் மீன் வாங்கும் நாளில் முள்ளை எடுத்துத் தட்டு ஓரம் வைத்து, விரலால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வாயில் குத்தினால் மெல்லுவதை நிறுத்த வேண்டும், வாயைத் திறந்து துப்ப வேண்டும், "முள்ளு" என்று சொல்ல வேண்டும். இந்த வரிசையை நடித்தே பழக்குங்கள். துப்பினால் திட்டு விழும் என்று பயந்த பிள்ளை விழுங்கிவிடும். ஆகவே அன்றைக்கு எத்தனை முறை துப்பினாலும் "சரியாச் சொன்னே" என்றே சொல்லுங்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கு முள் பார்த்து நீங்களே உதிர்த்து ஊட்டுங்கள். தொண்டையில் சிக்கினால் சோற்று உருண்டையை விழுங்க வைக்காமல் மருத்துவரிடம் போங்கள்.